எட்டிம்ஆன்லைன் அகராதி: மண்ணைத் தேடிப் பார்த்தால்

டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்துவரும் இந்த ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி இணையத்தில் இலவசம். அதன் தரத்தை அறிய ‘எர்த்’ என்று தேடிப் பாருங்கள். பழைய ஆங்கிலம், ஜெர்மனின் ‘எர்டே’ வரை தடம் தெளிவு. அதற்கும் முந்தைய வேரைச் சொல்லும்போது ‘ஒருவேளை’ என்று போட்டிருக்கும். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுவதுதான் வழக்கமான பிழை. ஜெர்மானிய மொழிகளுக்கு வெளியே இதற்கு உறுதியான உறவு குறைவு. அகராதி அதை மறைக்கவில்லை. நிலத்தைக் குறிக்கும் ஹீப்ருவின் ‘எரெட்ஸ்’ ஒலியில் நெருங்கினாலும் அது செமித்தியம் என்ற வேறு மொழிக் குடும்பம். ‘எர்த்’தோடு முடிச்சுப் போடக்கூடாது.

தளத்தின் உண்மையான செல்வம் வேர்ப் பக்கங்கள். மட்கிய மண்ணைக் குறிக்கும் ‘ஹ்யூமஸ்’ பதிவில் உள்ள வேர் இணைப்பைத் தொடுங்கள். மனிதனைக் குறிக்கும் ‘ஹ்யூமன்’, பணிவைக் குறிக்கும் ‘ஹம்பிள்’, பச்சோந்தியான ‘கமீலியன்’ (கிரேக்கத்தில் ‘தரைச் சிங்கம்’) மூன்றும் மண் என்ற ஒரே வேரில் நிற்பது அங்கே விளங்கும். சமஸ்கிருத ‘க்ஷம்’, ரஷ்ய ‘ஜெம்ல்யா’, பாரசீக ‘ஜமீன்’ எல்லாம் அந்தக் குடும்பமே. நம் ஊர் ஜமீன்தாரும் அந்தப் பாரசீக மண்ணிலிருந்து வந்தவர்தான்!

நிலத்தைக் குறிக்கும் லத்தீன் ‘டெர்ரா’வைத் தனியாகத் தேட வேண்டும், அதன் வேர் வேறு, அந்த வேரின் பொருள் ‘உலர்தல்’. கடலுக்கு எதிரான காய்ந்த தரை. தாகம் என்னும் ‘தர்ஸ்ட்’டும் சமஸ்கிருத ‘த்ருஷ்ணா’வும் அதன் உறவினர்.

வேருக்கு முன் வரும் நட்சத்திரக் குறியைக் கவனியுங்கள். அது எந்த ஏட்டிலும் கிடைக்காத, ஒப்பீட்டால் மீட்டெடுத்த வடிவம் என்று பொருள்.

தமிழ்ச் சொல்லுக்கு இந்தத் தளம் உதவாது. பர்ரோ, எமெனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பு அகராதிக்குப் போங்கள். 1984இன் இரண்டாம் பதிப்பு சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிறது. ‘நிலம்’ கன்னட ‘நெல’, தெலுங்கு ‘நேல’வோடும், ‘மண்’ கன்னட, துளு ‘மண்ணு’வோடும் வரிசையாகக் கிடைக்கும். பதிவுகள் ரோமன் எழுத்தில் உள்ளன. கீழே புள்ளியிட்ட எழுத்தை ண் என்றும், புள்ளியில்லாததை ன் அல்லது ந் என்றும் பிரித்துப் படிக்காவிட்டால் தவறான பதிவில் போய் நிற்பீர்கள். திராவிட மொழிகளுக்கெல்லாம் தாயான மூலத்திராவிட வடிவத்தை அந்த அகராதி தருவதில்லை, ஒரே மூலத்தில் பிறந்த இனச்சொற்களை மட்டுமே அடுக்கும். ‘பூமி’யை அங்கே தேட வேண்டாம், அது வடமொழியிலிருந்து வந்த கடன்சொல்.