ஐந்து நாள் கால்போஸ்கோப்பிப் பயிற்சி: கண்ணுக்கு நிறைவு, கைக்குப் போதவில்லை

கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிய பிறகு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது மகளிர் மருத்துவர் எல்லோரும் படித்ததுதான். நானும் படித்திருந்தேன், ஆனால் கடிகாரத்தைப் பார்த்து அந்த நிமிடத்தை முழுதாகக் காத்திருந்தது, கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் கால்போஸ்கோப்பியில் அண்மையில் கலந்துகொண்ட பயிற்சியில்தான். முப்பதாவது நொடியில் இயல்பானது என்று நான் எழுதிவிட்டிருக்கக்கூடிய ஒரு கருப்பை வாயில், நிமிடம் முடியும்போது, வெளிப்புறச் செதிள் படலமும் உட்புறத் தூண் படலமும் சந்திக்கும் கோட்டை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெண்திட்டு தெளிவான விளிம்போடு எழுந்தது. பக்கத்தில் தெரிந்த மெல்லிய வெண்மை விரைவில் மங்கிவிட, இந்தத் திட்டு மங்கவே இல்லை. புற்றாக மாறும் வாய்ப்பு அதிகமுள்ள உயர்நிலை முன்புற்றை மற்ற வெண்மைகளிலிருந்து பிரித்தறியும் பாடம் எனக்கு அந்த மேசையருகே புரிந்ததுபோல் எந்த வகுப்பறையிலும் புரிந்ததில்லை.

பார்வையைப் பழக்குவதில் இந்தப் பயிற்சிக்குக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஸ்வீடு முறையில் மதிப்பெண் இட வைத்தார்கள்: வெண்மை, விளிம்பு, இரத்த நாளங்கள், திட்டின் அளவு, அயோடின் ஏற்பு ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. பயாப்சி முடிவு வருவதற்கு முன்பே மதிப்பெண்ணை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பதால், பின்னால் முடிவைப் பார்த்துக் கருத்தை மாற்றிக்கொள்ள வழியில்லை. நான் தவறிய இடங்கள் பெரும்பாலும் இரத்த நாளங்களில்தான். பச்சை வடிகட்டியைப் போட மறந்து புள்ளி வடிவங்களைத் தவறவிட்டிருந்தேன்.

வெப்பச் சிகிச்சை வகுப்பும் சிறப்பாக இருந்தது. ஏறத்தாழ 100 டிகிரி வெப்பமுள்ள முனையை 20 முதல் 30 நொடி வைத்தால் போதும், வாயு உருளையும் தேவையில்லை என்றதும் இதை எல்லோருக்கும் செய்துவிடலாம் என்றே தோன்றும். அழிக்கும் சிகிச்சையில் ஆய்வுக்கு அனுப்பத் திசு மிஞ்சாது என்பதை ஆசிரியர் விடாமல் நினைவூட்டினார். ஒரு பெண்ணுக்கு நான் வெப்பச் சிகிச்சை போதும் என்றபோது, அவர் மறுக்காமல் கருப்பை வாயின் உட்கால்வாயை விரிக்கும் சிறிய கருவியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். திட்டின் மேல் விளிம்பு கால்வாய்க்குள் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது லூப் எனப்படும் மின்கம்பி வளையம் கொண்டு திசுவை வெட்டி அகற்றும் சிகிச்சை.

அந்த லூப் சிகிச்சைதான் பயிற்சியின் பலவீனமான பகுதி. பன்னிரண்டு பேருக்கு ஒரே மின்கருவி. இறைச்சித் துண்டில் ஆளுக்கு மூன்று முறை வெட்டியதோடு நேரம் முடிந்தது. பாதியில் கை தயங்கி லூப் நின்றால் திசுவின் விளிம்பு கருகிவிடும். நோய் முழுதும் அகன்றதா என்று நோய்க்குறியியல் மருத்துவரால் சொல்ல இயலாமல் போகும். என் மூன்று துண்டுகளில் இரண்டு அப்படித்தான் கருகின. ஆழமாக வெட்டினால் பின்னர் வரும் கருவுறுதலில் குறைமாதப் பிரசவத்திற்கான வாய்ப்பு கூடும் என்பதை நன்றாக விளக்கியவர்கள், அந்த ஆழத்தைக் கை அறியும் அளவுக்கு வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். இரத்தக் கசிவைக் கட்டுப்படுத்துவதும் திரையில் காட்டும் படங்களோடு நின்றுவிட்டது.

இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை. கருப்பை வாய்ப் புற்றை ஒழிக்க, 2030க்குள் 90 விழுக்காடு சிறுமியருக்கு அதை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கு எதிரான தடுப்பூசி, 70 விழுக்காடு பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை என உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்குகளில் மூன்றாவது, சிகிச்சை செய்யப் பழகிய கைகளை நம்பியே இருக்கிறது. பரிசோதனையில் நோய் தெரிந்த பெண்ணை வேறிடத்துக்கு அனுப்பும்போது, அவர் வழியிலேயே தொலைந்துபோவதை நான் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் தயங்காமல் சேரலாம். ஏற்கெனவே கால்போஸ்கோப் பயன்படுத்துபவர்கள், லூப் சிகிச்சையை எத்தனை முறை நேரடி மேற்பார்வையில் செய்யக் கிடைக்கும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். என் முதல் பத்து நோயாளிகளுக்கு அருகில் நிற்க மூத்த மருத்துவர் ஒருவரை நானாகக் கேட்டு ஏற்பாடு செய்துகொண்டேன். அவர்கள் ஒவ்வொருவரும் பன்னிரண்டாம் மாதம் எச்பிவி மறுபரிசோதனைக்கு வர வேண்டிய தேதியையும் பதிவேட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.