ரெகுலர் கல்லூரியா, வேலையோடு கரஸ் படிப்பா?

ஆட்டிசம் உள்ள பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் வீட்டில் எழும் கேள்வி இது. எங்கள் மகனுக்கு நாங்கள் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

கல்லூரியின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை: சம வயதுக் கூட்டம், ஆய்வகம், நூலகம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு எனச் சான்று இருந்தால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். தேர்வில் கூடுதல் நேரமும் உண்டு.

சேர்ந்த பிறகு அங்கே நிலைப்பதுதான் பெரும்பாடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆசிரியர், அறை, கால அட்டவணை எல்லாம் மாறும். வகுப்பு ரத்தான செய்தி வாட்ஸ்அப்பில் கடைசி நேரத்தில் வரும். பாடம் நன்றாகப் புரிகிற பிள்ளைகூட இந்தக் குழப்பத்தில் வீட்டிலேயே இருந்துவிடும். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கல். மாற்றங்களை முன்கூட்டியே எடுத்துச் சொல்வது அங்கே யாருடைய வேலையும் இல்லை.

வேலையில் அதற்கென்றே ஒருவர் இருக்க முடியும். அவர்தான் ஜாப் கோச். முதலில் வேலையைத் தானே செய்து பார்ப்பார், படிப்படியாகப் பிரித்துக் கற்றுக்கொடுப்பார், பிறகு மெல்ல விலகிக்கொள்வார். மகனுக்குப் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து பெயரிடும் வேலை. அலுவலகம் வேறு மாடிக்கு மாறியபோது, முந்தைய நாள் மாலையே கோச் அவனை அழைத்துப்போய்ப் புது இருக்கை, சாப்பிடும் இடம், கழிப்பறை எல்லாம் காட்டினார். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனான். அது நடக்காமல் இருந்திருந்தால் வேலையே போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வேலையில் சேர்த்துவிட்டதோடு ஒதுங்கிக்கொள்ளும் பயிற்சி மையங்களும் இருக்கின்றன. அதனால் ஒரு வருடம் கழித்துப் பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படிப்பு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில். அவன் சேர்ந்திருக்கும் மூன்று வருட பி.ஏ.வை ஆறு வருடம் வரை நீட்டிக்கலாம். ஜூன், டிசம்பரில் தேர்வு. முடிந்த தாள்களை மட்டும் எழுதுகிறான்.

சம்பளம் குறைவுதான். பதவி உயர்வு வருமா என்று சொல்ல இன்னும் காலம் போகவில்லை. மகன் பேசுவான், தனியாக ரயிலில் போவான். பேச்சு குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு இதே வழி சரிவருமா என்று எங்கள் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி ரெகுலர் கல்லூரியிலேயே நன்றாகப் படிக்கிறாள். அவளுடைய துறை ஆசிரியை மறுநாள் மாற்றங்களை முந்தைய இரவே அவளுக்கு அனுப்பிவிடுகிறார். அப்படிச் செய்ய ஒருவர் முன்வருவாரா என்று, அட்மிஷன் போடும் முன் அந்தத் துறைக்கே நேரில் போய்க் கேளுங்கள்.