கோலாலம்பூர் வாடகை வீட்டு ஏஜண்டு சேவை: ஓனர் கட்ட வேண்டிய கமிஷன் நம் பில்லில் வருவது எப்படி

குடிவருபவர் பக்கம் நின்று பார்த்தாலும், கோலாலம்பூரில் பதிவுபெற்ற ஏஜண்டு சேவைக்கு நல்ல மதிப்பெண்ணே கொடுக்கலாம். முறையாக நடந்தால் அது நமக்கு இலவசம். வீட்டை வாடகைக்கு விடச் சொல்லி ஏஜண்டை நியமித்தவர் ஓனர். கமிஷனும் அவர் பொறுப்பு. 3 ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு நிறுவனம் வாங்கக்கூடிய உச்சம் ஒன்றேகால் மாத வாடகை. ஓராண்டு என்றால் ஒரு மாத வாடகையோடு முடித்துக்கொள்வதுதான் வழக்கம். அதன்மேல் 8% சேவை வரி வந்தாலும் அது ஓனர் பில்லில் சேர வேண்டியது. நீங்களே ஒரு ஏஜண்டை எழுத்துப்பூர்வமாக அமர்த்தி, “எனக்கு வீடு தேடிக் கொடுங்கள்” என்று கேட்டிருந்தால் மட்டும் கதை வேறு.

சாவி கைக்கு வரும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு கணக்குச் சீட்டு வரும். வம்பு அங்கேதான். செந்தூலில் மாதம் 1,600 வெள்ளிக்கு ஒரு காண்டோ, ஓராண்டு ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத டெப்போசிட் 3,200, தண்ணீர்-மின்சாரத்துக்கு அரை மாதம் 800, முதல் மாத வாடகை 1,600. ஆக 5,600 வெள்ளி. இது ஊர் வழக்கம், கேள்வி கேட்க ஒன்றுமில்லை. அதன் கீழே “ஏஜண்டு பீஸ் 800, அட்மின் பீஸ் 300, ஸ்டாம்பிங் 350” என்று மூன்று செலவுகள் இருந்தால் பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஸ்டாம்பிங், அதாவது ஒப்பந்தத்துக்கான முத்திரை வரி, ஏனென்றால் அதை நாமே கணக்குப் போடலாம். ஓராண்டு வரை உள்ள ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. ஓராண்டுக்கு மேல் 3 ஆண்டு வரை 3 வெள்ளி. முன்பு முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது இல்லை. நம் கணக்கில் ஆண்டு வாடகை 19,200. அதை 250-ஆல் வகுத்தால் 76.8, மேல்நோக்கி முழுமையாக்கி 77 வெள்ளி. இரண்டாவது பிரதிக்கு 10 வெள்ளி. மொத்தம் 87. இரண்டு ஆண்டு ஒப்பந்தமாக இருந்தால்கூட 241-தான். 350 எங்கிருந்து வந்தது என்று ஏஜண்டுதான் சொல்ல வேண்டும். வழக்கமாக முத்திரை வரி குடிவருபவர் செலவு, அதை மறுக்க முடியாது. ஆனால் ஹாசில் (உள்நாட்டு வருமான வரி வாரியம்) கொடுக்கும் முத்திரைச் சான்றிதழில் எவ்வளவு போட்டிருக்கிறதோ அவ்வளவு மட்டும் கொடுங்கள். கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரை போடாவிட்டால் அபராதம் உண்டு. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டவும் முடியாது. “பிறகு போட்டுத் தருகிறேன்” என்று பணத்தை வாங்கி வைத்துக்கொள்பவர்களிடம் இதைத்தான் நினைவுபடுத்த வேண்டும்.

அட்மின் பீஸ் என்பது பெரும்பாலும் பழைய ஒப்பந்தத்தில் பெயரையும் ஐசி எண்ணையும் மாற்றி அச்சடிக்கும் கூலி. ஒப்பந்தத்தை வழக்கறிஞர் எழுதினால் அவர் பில் தனியாக, அவர் நிறுவனத்தின் பெயரிலேயே வரும். அப்படி ஒரு பில் இல்லாமல் ஏஜண்டே 300 வெள்ளி கேட்டால், “இதற்கு நிறுவன ரசீது கிடைக்குமா?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பல நேரம் தொகை அங்கேயே குறைந்துவிடும்.

ஏஜண்டு பீஸ் 800? ஒரே வீட்டுக்கு ஓனரிடமும் குடிவருபவரிடமும் வாங்குவது தொழில் விதிகளுக்கு எதிரானது. நம்மைக் கூட்டிப் போனவர் ஒருவர், ஓனரின் ஏஜண்டு இன்னொருவர் என்றால், ஓனர் கொடுக்கும் ஒரே கமிஷனை அவர்கள் இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். பங்கு படியாதபோதுதான் “அந்தப் பக்கம் ஷேர் பண்ண மாட்டார்கள், நீங்கள் பாதி கொடுங்கள்” என்று நம்மிடம் வருகிறது. அதனால் வீடு பார்க்கப் போகும் முன்னாலேயே வாட்ஸ்அப்பில் கேட்டு வையுங்கள்: “நான் ஏஜண்டு பீஸ் எதுவும் கட்ட வேண்டியதில்லை, சரிதானே?” அவர் “சரி” என்று அனுப்பும் ஒரு வரி பிறகு பெரிய ஆதாரம்.

நம் ஆட்கள் இந்தப் பணத்தை அதிகம் கொடுப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்தியர்களுக்கு வீடு இல்லை என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுகிறார்கள். நாலைந்து இடத்தில் கதவு சாத்தப்பட்டவரிடம் “ஓனர் இந்தியருக்கு ஓகே, ஆனால் அரை மாதம் எனக்கு” என்று ஒருவர் சொன்னால், அது உதவியாகவே தெரியும். இப்படிக் கேட்பவரிடம் பதிவு எண் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பதிவைச் சரிபார்க்க, ஏஜண்டுகளைப் பதிவுசெய்யும் எல்பிபிஇஎச் வாரியத்தின் இணையத் தேடல் இருக்கிறது. அதுதான் இந்தச் சேவையிலேயே உருப்படியான பகுதி, காசும் இல்லை. ஏஜண்டின் பெயரையோ ரென் எண் எனப்படும் பதிவு எண்ணையோ போட்டால் அவர் எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறார் என்று காட்டும். கழுத்தில் தொங்கும் சிவப்பு அட்டையில் படம், எண், கியூஆர் குறியீடு மூன்றும் இருக்கும். ஸ்கேன் செய்தால் திறப்பது வாரியத்தின் சொந்த இணைய முகவரிதானா என்று பாருங்கள். வேறு எங்காவது போனால் அட்டை போலி. எண் உண்மையாக இருந்தும் ஆள் வேறாக இருப்பதுதான் அடிக்கடி நடக்கும் ஏமாற்று. பெயர், முகம், நிறுவனம் மூன்றும் பொருந்த வேண்டும். பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்தால் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

புக்கிங் பணம் வழக்கமாக ஒரு மாத வாடகை. பிறகு அதுவே முதல் மாத வாடகையாகக் கழியும். அது போக வேண்டியது நிறுவனத்தின் கிளையண்ட் கணக்குக்கு, அதாவது வாடிக்கையாளர் பணத்துக்கான தனிக் கணக்குக்கு. ஏஜண்டின் சொந்தக் கணக்கு எண் வந்தால் பணம் போடாதீர்கள், அட்டை எவ்வளவு அசலாக இருந்தாலும் சரி. ஓனர் மறுத்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பது ஆஃபர் கடிதத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துக்கு முன் எழுதச் சொல்லுங்கள்.

அறை வாடகையில் இந்தச் சேவை இன்னும் மோசம். 600 வெள்ளி அறைக்குப் பதிவுபெற்ற ஏஜண்டு பெரும்பாலும் வரமாட்டார். வருபவர் தரகர், இல்லையென்றால் முழு வீட்டையும் எடுத்து அறை அறையாக விடுபவர். பின்னவரிடம் ஓனரின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். அக்சஸ் கார்டு பணம் திரும்பக் கிடைக்கும் டெப்போசிட்டா, கட்டணமா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கொடுத்துவிட்ட பணத்தைத் திரும்பப் பெற, பதிவுபெற்ற ஏஜண்டு என்றால் வாரியத்துக்கு எழுத்தில் புகார்: ரசீது, ஒப்பந்தம், வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் சேர்த்து. வாரியம் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும், ஆனால் பணத்தை வாங்கித் தருவது அதன் வேலை இல்லை. பணத்துக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு இருக்கிறது: 5,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் வைக்காமல், 198-ஆம் படிவத்தில் நாமே தாக்கல் செய்யலாம். எதிராளியின் முழுப்பெயரும் முகவரியும் இல்லாமல் சம்மன் சேர்க்க முடியாது. அதனால் பணம் கொடுக்கும் அன்றே ஐசியில் உள்ள பெயரோடு ரசீது கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.