பிரிக்ஃபீல்ட்ஸ் மெங்குவாங் கூடை வகுப்பு: கை பழகும், ஈரம்தான் பிரச்சினை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நடத்தும் ஞாயிறு கைவினை வகுப்பில் கூடை முடைதலுக்காகவே சேரலாம். மெங்குவாங் நம் தாழையின் இனம். ஓலையின் முள்ளைச் சீவி, கீற்றாகக் கிழித்து, ஊறவைத்து, வெயிலில் காயவைத்த பிறகுதான் முடைய வரும். இங்கே அந்த வேலையெல்லாம் முடிந்த கீற்றே கையில் கிடைக்கிறது.

முதல் பாடம் நாலு அங்குலச் சதுரக் கூடை. அரை அங்குலக் கீற்றில் நெடுக்கே எட்டு, குறுக்கே எட்டு, ஒன்று விட்டு ஒன்று. அடி முடிந்ததும் நாலு ஓரத்தையும் ஸ்கேல் வைத்து அழுத்தி மடிக்க வேண்டும். இதில் சோம்பினால் சுவர் நேராக நிற்காது. சுவரைச் சுற்றி வரும் கீற்று 18 அங்குலம் இருக்கட்டும். முனைகள் நாலு கீற்றைத் தாண்டி ஒன்றன்மேல் ஒன்று படிந்தால்தான் பிடிக்கும். மூலையில் இழுத்துப் பிடித்தால் வாய் குறுகிவிடும். ஆசிரியை மூலைக்கு ஒரு துணி கிளிப் போடச் சொல்கிறார், அருமையான யோசனை.

குறை ஒன்று உண்டு. கீற்றை வாளித் தண்ணீரில் முக்கியே தருகிறார்கள். நனைந்த ஓலை உப்பியிருக்கும். காய்ந்ததும் சுருங்கி, கட்டங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். ஈரத்துணியில் சுற்றி வைத்தாலே போதும், விரலில் சுற்றினால் ஒடியாத பதம் வந்துவிடும்.

உள்துணி தைக்கும் பாடம் அவசர கதி. ஊசி பழகாதவர்கள் திணறுவார்கள். முடித்த கூடையை ஈரத்தோடு பையில் போட்டு எடுத்துப்போகாதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.