மிதி தையல் மெஷின்: ஒரு வீட்டில் நீண்ட காலம் உழைத்த அனுபவம்

நாங்கள் ஈரோட்டில் தையல் மெஷின் வாங்கியது 2012ஆம் ஆண்டில். கொங்கு மாவட்டங்களில் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தவர்களுக்கு, மோட்டார் வைத்த மெஷினை விட்டுவிட்டுக் காலால் மிதிக்கும் கறுப்பு மெஷினை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று விளக்கத் தேவையிருக்காது. ஸ்டாண்டு, பலகை, மேல்மூடி எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குச் சற்று மேலானது. எந்த நிறுவனத்தின் மெஷின் என்பதை இங்கே எழுதவில்லை. இந்த வடிவக் கறுப்பு மெஷின்களில் பெரும்பாலானவற்றின் உட்பாகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால், நான் சொல்லப்போகும் நிறையும் குறையும் அந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

நான் தையற்காரி அல்ல. அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை, இரண்டு பிள்ளைகள், உடன் இருக்கும் மாமியார், இவற்றுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் தைப்பவள். அந்த நேரம் ஒருபோதும் முழுதாகக் கிடைப்பதில்லை. குக்கர் நான்காவது விசில் அடிப்பதற்குள் ஒரு மடிப்பு, பிள்ளைகள் குளித்து வருவதற்குள் ஒரு ஓரம் என்று துண்டு துண்டாகத்தான் வேலை நடக்கும். ஆகவே இத்தனை ஆண்டுகளில் நான் உறுதியாகக் கண்டது இதுதான்: வீட்டுத் தையல் மெஷினின் பயன், அது எத்தனை வகைத் தையல் போடும் என்பதைவிட, வீட்டில் எந்த இடத்தில், எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

என் நாத்தனாரிடம் பலவகைப் பூத்தையல் போடும், எடை குறைந்த மின் மெஷின் ஒன்று இருக்கிறது. நல்ல மெஷின், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது அலமாரியின் மேல்தட்டில் பெட்டிக்குள் இருக்கிறது. இறக்கி, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வைத்து, வயரை மாட்டி, நூல் கோத்து முடிக்கும்போது அவர் வீட்டுச் சின்னவன் பசி என்று வந்து நின்றுவிடுகிறான். மறுபடி அதே மேசையில் தட்டு வைக்க வேண்டும். எங்கள் வீட்டு மெஷின் நடு அறை ஜன்னலோரத்தில், எப்போதும் நூல் கோத்தபடி, மூடியை எடுத்தால் தைக்கலாம் என்ற நிலையில் நிற்கிறது. பாதியில் எழுந்தால் துணியை அப்படியே, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பாதத்தின் அடியில் விட்டுவிட்டுப் போகலாம், மறுநாள் காலை அதே தையலிலிருந்து தொடரலாம். இரும்பு ஸ்டாண்டு இடத்தை அடைக்கிறது என்று வாங்கிய புதிதில் வீட்டில் முணுமுணுப்பு எழுந்ததுண்டு. இப்போது அந்தப் பலகையில் சாவிக்கொத்து, மின்கட்டண அட்டை, கண்ணாடிக் கூடு என எல்லாம் குடியேறிவிட்டன என்பது வேறு கதை.

இந்த மெஷினில் அதிகம் நடந்த வேலை புதுத்துணி தைப்பது என்று நினைத்தால் அது தவறு. எங்கள் வீட்டில் முதலிடம் பள்ளிச் சீருடைக்கு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பாவாடையையும் கால்சட்டையையும் அடியில் 3 அங்குலம் உள்ளே மடித்துத் தைத்துவிடுவேன்; பிள்ளை வளர வளர அந்த மடிப்பைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது இரண்டு ஆண்டுகளுக்காவது தாங்கும். பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு தெரியும். அதன் மேலேயே அதே நிற நூலில் ஒரு வரி ஓட்டிவிட்டால் அலங்காரத் தையல் போலத் தோன்றி மறைந்துவிடும். ஜிப் மாற்றுவது, கிழிந்த பையின் வாயை இரட்டைத் தையல் போட்டு மூடுவது, மாறுவேடப் போட்டிக்கு முந்தின இரவு அப்பாவின் பழைய கறுப்புக் கோட்டைச் சுருக்கிப் பாரதியார் கோட்டாக்குவது ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும்.

அடுத்தது பழைய நூல் சேலைகள். சேலை ஒன்று ஐந்தரை மீட்டர், அதாவது ஏறத்தாழ 216 அங்குலம். அகலம் 46 அங்குலம் இருக்கும். எங்கள் வீட்டுத் தலையணைகள் 17க்கு 27 அங்குலம். உறைக்கு 62 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் கொண்ட ஒரே துண்டை வெட்டுகிறேன். இரு குறுக்கு ஓரங்களையும் முதலில் மடித்துத் தைத்து, துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு சுற்றி மடித்து, 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, இரு பக்கங்களையும் தைத்துத் திருப்பினால் பொத்தானும் நாடாவும் இல்லாத உறை கிடைத்துவிடும். கணக்குப்படி ஒரு சேலையில் ஆறு உறைகள் வர வேண்டும். ஆனால் இடுப்பில் செருகும் பகுதியும் ஃபால்ஸ் தைத்த அடிப்பகுதியும் எப்படியும் நைந்திருக்கும், ஆகவே நான்கு நல்லதாகத் தேறினால் போதும் என்று வைத்துக்கொள்வேன். மிச்சம் விழும் நீளத் துண்டுகள் பைகளுக்குக் கைப்பிடியாகின்றன. கடைத்துணியில் தைத்த உறையைவிடப் பல முறை துவைத்து மென்மையான சேலை உறையைத்தான் பிள்ளைகள் கேட்டு வாங்கித் தூங்குகிறார்கள்.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு துணிப்பை தைக்கும் வேலை கூடியது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிய சமயத்தில், உறவினர் வீட்டுச் சீருக்குத் தாம்பூலப் பை முழுவதையும் நானும் மாமியாருமே காடா எனும் வெளுக்காத முரட்டுப் பருத்தித் துணியில் தைத்துக் கொடுத்தோம். அத்தை வெட்டுவார், நான் ஓட்டுவேன், பெரியவள் நூல் பிசிறு நறுக்குவாள். காடாத் துணி நம் ஊர்ச் சந்தையில் மலிவு. வெட்டுமுன் ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தைத்த பை முதல் துவைப்பிலேயே சுருங்கிக் கோணிப்போகும்.

ஊசி விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மெஷின் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கை அழைப்பவர்களில் பலருக்குக் கெட்டிருப்பது ஊசி மட்டுமே. ரவிக்கைக்கான 2 பை 2 போன்ற மெல்லிய துணிக்கு 11ஆம் எண், பாப்ளினுக்கும் சாதாரணப் பருத்திக்கும் 14, காடாவுக்கும் சீருடைப் பேன்ட் துணிக்கும் 16, ஜீன்ஸுக்கு 18. வீட்டு மெஷின் ஊசியின் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் அந்தத் தட்டை வர வேண்டும். மாறிப் பொருத்தினால் தையல் விழாது, அல்லது விட்டு விட்டு விழும். துணியின் அடியில் நூல் கொசகொசவென்று சிக்கிக்கொண்டால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் சந்தேகப்படுகிறார்கள்; பெரும்பாலும் காரணம் மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காராததுதான். முதலில் மேல்நூலை முழுவதும் உருவி, பாதத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மறுபடி கோத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் சரியாகாவிட்டால் பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸை நூலின் நுனியில் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக உதறினால், கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். கடகடவென்று இறங்கினால் தளர்ச்சி, அசையாமல் நின்றால் இறுக்கம்.

எண்ணெய் போடுவது இன்னொரு பொறுப்பு. தையல் மெஷினுக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயைத் தவிர வேறெதையும் விடக்கூடாது. எங்கள் பகுதிக்கு வரும் மெக்கானிக் ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொள்வார்: “பத்து வீட்டுல எட்டு வீடு தேங்கா எண்ணெய ஊத்தி வெச்சிருக்காங்க அம்மணி. பிசினாட்டம் புடிச்சுக் கெடக்குது, சீமெண்ணெய்ல ஊற வெச்சுத்தான் சொரண்டோணும்.” எண்ணெய் விட்ட அன்று வெள்ளைத் துணியைத் தொடாமல், ஏதாவது கழிவுத் துணியில் நாலு வரி ஓட்டி எண்ணெயைக் கசியவிட்டு, துடைத்த பிறகே நல்ல வேலையைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது.

குறைகள் இல்லாமல் இல்லை. இந்த மெஷின் நேர்த்தையல் மட்டுமே போடும். காஜா, அதாவது பொத்தான் துளை, எடுக்கக் கடைக்குத்தான் போக வேண்டும். ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக்கும் வெளியில்தான். பின்னல் துணி இன்னும் பெரிய தலைவலி. திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் மலிவாகக் கிடைக்கும் பனியன் துணியைப் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கும். ஆனால் துணி இழுபடும் அளவுக்கு நேர்த்தையல் இழுபடாது, பிள்ளை தலையை நுழைத்த உடனே கழுத்துத் தையல் பட்டென்று அறுந்துவிடும். உருண்டை முனை ஊசியும் பாலியஸ்டர் நூலும் போட்டு, துணியை லேசாக இழுத்துப் பிடித்துத் தைத்தால் இரவு உடை அளவுக்குத் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கீழ்ச்சக்கரத்தையும் மேல்சக்கரத்தையும் இணைக்கும் தோல் பெல்ட் மழைக்காலத்தில் தளர்ந்து வழுக்கும். கொக்கியைக் கழற்றி அரை அங்குலம் நறுக்கி மாட்ட வேண்டும். மெஷினின் தலை மட்டுமே நல்ல கனம், வீடு மாறும்போது ஸ்டாண்டோடு சேர்த்து ஒருவரால் தூக்க முடியாது. மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ஓட்டினால் சத்தத்துக்கு எழுந்துவிடுவார்கள்.

மின்சாரம் சீரான பிறகு, முழங்கால் வலியும் எட்டிப் பார்க்கத் தொடங்கியதால், சிறிய மோட்டார் ஒன்றைப் பின்புறம் மாட்டிக்கொண்டோம். நீளமான ஓட்டத்துக்கு, அதாவது சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது, திரைச்சீலைக்கு ஓரம் அடிப்பது போன்றவற்றுக்கு மோட்டார் வசதிதான். கழுத்து வளைவுக்கும் பாக்கெட் மூலைக்கும் இன்றும் மிதிதான் எனக்குப் பிடிக்கிறது. ஒரே ஒரு தையல் முன்னே போய் நிற்க வேண்டும் என்றால் கால் அதைக் கேட்கிறது, மோட்டார் கேட்பதில்லை. சின்னவன் வீட்டில் நடமாடும் நேரமெல்லாம் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கி வைப்பதும் பெல்ட்டைக் கழற்றி விடுவதும் கட்டாயம் என்று வைத்திருக்கிறோம். சுழலும் சக்கரத்தைக் கண்டால் எந்தக் குழந்தையும் விரலை நீட்டும்.

பெரியவளுக்குக் கற்றுக்கொடுத்தது மிதியில்தான். சக்கரம் நம்மை நோக்கிச் சுழல வேண்டும்; எதிர்த்திசையில் போனால் நூல் அறுந்துவிடும். இதைக் கால் பழகுவதற்கு முதல் சில நாட்கள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெறும் மிதி மட்டும். பிறகு நூல் இல்லாமல், தேய்ந்த ஊசியைப் போட்டு, கோடு போட்ட நோட்டுத் தாளைக் கோட்டின் மேலேயே ஓட்டச் சொன்னேன். தாளில் விழுந்த துளை வரிசை கோட்டைவிட்டு எங்கே விலகியிருக்கிறது என்று அவளே பார்த்துத் திருத்திக்கொண்டாள். இப்போது தன் தாவணிக்கு ஓரம் அடித்துக்கொள்கிறாள்; அளவு எடுப்பதில்தான் பொறுமை போதவில்லை.

அக்கம்பக்கத்தார் காசு கொடுத்துத் தைத்துத் தரச் சொல்வார்கள். சில மாதங்கள் செய்து பார்த்தேன். மாதக் கடைசியில் அலுவலகக் கணக்கு முடிக்கும் நாட்களும் கல்யாண முகூர்த்த நாட்களும் ஒன்றாக வந்து விழுந்ததால் அதை நிறுத்திவிட்டேன். வருமானத்துக்காக வாங்க நினைப்பவர்கள் தொடக்கத்திலேயே வேகமான தொழில்முறை மெஷினுக்குப் போவது நல்லது என்பது என் கருத்து.

இந்த வகை மெஷினைப் பழையதாக வாங்குவதும் நல்ல யோசனையே, பார்த்து வாங்கினால். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஏதாவது ஒரே இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிடித்தால் வேண்டாம். பாபின் கேஸைக் கழற்றி, அது உட்காரும் வட்டத்தில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். பிறகு நீங்கள் கொண்டுபோன இரண்டு மடிப்புக் காடாத் துணியில், நீங்கள் கொண்டுபோன புது ஊசியைப் போட்டு ஒரு வரி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மேலும் கீழும் தையல் ஒரே மாதிரி இருந்தால், பலகை உரிந்திருப்பதையும் வர்ணம் போயிருப்பதையும் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.