ஃபிட்னஸ் பேண்ட்: கை வீசி நடந்தால் சரி, வாக்கர் பிடித்தால் கணக்கே வராது

நடக்கும் அடிகளை எண்ணிக் காட்டும் இந்த பேண்ட், கை வீசி நடப்பவருக்கு நன்றாகவே உழைக்கிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பவருக்கு, மணிக்கட்டில் கட்டினால், அநேகமாகப் பயன் இல்லை. வீட்டுப் பெரியவர்களுக்காக வாங்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பேண்ட் லேசாக இருக்கிறது, தூங்கும்போதும் உறுத்தவில்லை. சார்ஜ் ஒரு வாரம் தாராளமாக நிற்கிறது. வெயிலில் திரை கொஞ்சம் மங்கல். இதெல்லாம் எந்தக் கருவியிலும் முன்னே பின்னே இருக்கும். திரையில் தெரியும் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

வாயால் எண்ணிக்கொண்டே, வழக்கமான வேகத்தில் 500 அடி எடுத்து வைத்து நடந்து பார்த்தேன். பேண்டில் 494 ஏறியிருந்தது. திரும்ப நடந்தபோதும் இதை ஒட்டித்தான் வந்தது. இது நல்ல கணக்கு. நடை எண்ணும் கருவிகளுக்கு ஜப்பானியத் தர விதியே 100 அடிக்கு 3 வரை பிசகலாம் என்று விட்டிருக்கிறது. அடுத்து, இரண்டு கைகளையும் தள்ளுவண்டியின் கைப்பிடியில் வைத்துக்கொண்டு அதே தூரம் நடந்தேன். பாதிகூட ஏறவில்லை. உட்கார்ந்த இடத்தில் துணி மடித்தபோதோ நடக்காத அடிகள் ஏறின.

காரணம் உள்ளே இருக்கும் ஆக்சிலரோமீட்டர், அதாவது அசைவை அளக்கும் உணரி. ஒரு சிலிக்கான் சில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன எடை ஒன்று, சிலிக்கானாலேயே ஆன ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. கை அசையும்போது அந்த எடை இம்மியளவு நகரும். பக்கத்தில் இருக்கும் நுண்ணிய தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும், அவற்றுக்கிடையே மின்னூட்டம் தேங்கும் அளவும் (மின்தேக்கத்திறன்) கூடவே மாறும். மூன்று திசைகளிலும் நொடிக்குப் பல முறை இதை அளந்தால் ஒரு அலை கிடைக்கிறது. பாதம் தரையில் படும் ஒவ்வொரு முறையும் அந்த அலையில் ஒரு முகடு எழும். முகடு போதிய உயரம் இருக்கிறதா, அடுத்த முகடு நடையின் தாளத்தில் வருகிறதா என்று மென்பொருள் பார்க்கிறது. இரண்டும் பொருந்தினால் ஒரு அடி. ஆக, இது காலைப் பார்ப்பதே இல்லை. கைக்கு வந்து சேரும் அதிர்வையும் வீச்சையும் வைத்து, நடையாக இருக்கும் என்று ஊகிக்கிறது.

திரையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் இந்த ஊகம் நடப்பதைக் காணலாம். முதல் சில அடிகளுக்கு எண் அசையாது. பிறகு ஒரேயடியாகப் பத்து கூடும். தொடர்ந்து சில அடிகள் தாளம் மாறாமல் வந்தால்தான் நடை என்று ஒப்புக்கொண்டு, விட்டதையும் சேர்த்துக் கணக்கில் ஏற்றுகிறது. கையசைவை எல்லாம் அடியாக எண்ணாமலிருக்க இந்த ஏற்பாடு அவசியம்தான். ஆனால் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நாலு அடி, ஐந்து அடி நடப்பது இதில் விட்டுப்போகிறது.

இதை வாங்கியதே அம்மாவுக்காகத்தான். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாக்கரில் நடக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக அடிகளைக் கூட்டச் சொல்லியிருந்தார் பிசியோதெரபிஸ்ட். அம்மாவின் கை வாக்கரை விட்டு அசையாது, பாதம் தரையை விட்டு அதிகம் எழாது, வேகமும் குறைவு. முகடு எழவே வழியில்லை. மூச்சு வாங்க நடந்து முடித்துத் திரையைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நேரம் நடந்தேனே, அதெல்லாம் ஒண்ணுமே இல்லையாடா?” என்று கேட்டார். எனக்கு இந்த பேண்டின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மெதுவான நடையைக் கருவிகள் குறைத்து எண்ணும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவான விஷயம். அதை அட்டைப்பெட்டியில் ஒரு வரி போட்டால் என்ன?

பேண்டைக் கழற்றி அம்மாவின் கணுக்காலில், காலுறைக்கு மேல் கட்டினேன். கணக்கு கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது. மெதுவாக நடப்பவர்களுக்குக் கணுக்கால்தான் நல்ல இடம். மறுவாழ்வு ஆய்வுகளிலும் அங்கே கட்டும் கருவிகளைத்தான் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஆப்பில் இடது கை, வலது கை என்று இரண்டே தேர்வுகள்.

இலக்கு வைப்பதிலும் இதே அலட்சியம். பெட்டியைத் திறந்ததும் 10,000 என்று நிற்கிறது. 2,000-க்குக் கீழே வைக்க ஆப் விடுவதில்லை. இந்த 10,000 மருத்துவ ஆய்விலிருந்து பிறந்த எண் அல்ல. 1965-ல் ஜப்பானில் யாமாசா நிறுவனம் தன் நடைமானியை விற்கும்போது பரவியது. சராசரி வயது 72 உள்ள பெண்களிடம் ஹார்வர்டு ஆய்வாளர் ஐ-மின் லீ குழுவினர் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500-ஐ ஒட்டி அந்தப் பலன் மேலே கூடாமல் நின்றுவிட்டது. வயதானவர் முன்னால் 10,000-ஐ வைப்பது அவரைச் சோர வைக்கத்தான் உதவும்.

கலோரி எண்ணைக் கண்டுகொள்ள வேண்டாம். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, இருப்பதில் நல்லதே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். தூரம் என்று காட்டுவது அடிகளின் எண்ணிக்கையை ஒரு அடி எடுத்து வைக்கும் நீளத்தால் பெருக்கி வருவது. உயரத்தை வைத்து அது போடும் உத்தேச நீளத்தை அழித்துவிட்டு, நீங்களே அளந்து கொடுத்தால் ஓரளவு சரியாகும்.

இன்னொன்று, அம்மா இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவது சரி. அதே கருவி, அதே கணுக்கால் என்பதால் பிசகும் ஒரே மாதிரிதான் இருக்கும். என் ஃபோன் காட்டும் எண்ணோடு அதை ஒப்பிடுவதில் பொருளில்லை.

மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். கணுக்காலுக்கு ஒரு தேர்வும், 2,000-க்குக் கீழே இலக்கு வைக்கும் வசதியும் ஆப்பில் வந்தால் நான்காக மாற்றிவிடுவேன்.