உலாவி அப்டேட்டா, பழைய ஒட்டுவேலையா: யார் வளைந்து கொடுப்பது?

உலாவியில் ஒரு பிழை. அதைச் சமாளிக்கத் தளக்காரர்கள் ஏதோ ஒட்டுவேலை செய்து வைத்திருக்கிறார்கள். அடுத்த பதிப்பில் பிழையைத் திருத்தினால் ஒட்டுவேலை உடைகிறது. இதற்கு உலாவிக்காரர்கள் வெவ்வேறு வழிகளை முயன்றிருக்கிறார்கள்.

முதல் வழி: திருத்திவிடுவது, தளங்கள் மாறிக்கொள்ளட்டும். 2006-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 இப்படித்தான் செய்தது. ஆறாம் பதிப்புக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் மட்டும் போய்ச் சேரும் சிஎஸ்எஸ் விதிகளை (பக்கத்தின் தோற்றத்தை வகுப்பவை) ‘* எச்டிஎம்எல்’ என்று தொடங்கி எழுதுவார்கள். ஏழாம் பதிப்பு அந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் அந்த ஓட்டை வழியாகச் சரிக்கட்டி வந்த லேஅவுட் பிழைகளில் சில அப்படியே தங்கிவிட்டன. மருந்தை நிறுத்தியாயிற்று, நோய் நிற்கவில்லை. பிழையை முழுதாகத் தீர்க்காமல் ஒட்டுவேலையை மட்டும் முடக்குவதுதான் இருப்பதிலேயே மோசம்.

அடுத்தது, பழைய நடத்தையைத் தனி மோடில் பூட்டிவைப்பது. 2009-இல் வந்த எட்டாம் பதிப்பில், எந்தப் பதிப்பைப் போல நடக்க வேண்டும் என்று பக்கமே ஒரு மெட்டா டேக்கில் (உலாவிக்கான குறிப்பு வரி) சொல்லலாம். அன்றைக்கு நிம்மதிதான். ஆனால் பழைய எஞ்சினையும் தூக்கிச் சுமக்க வேண்டும். தளத்தைத் திருத்தும் அவசரமும் யாருக்கும் வராது. எட்ஜ் உலாவியில் இன்னும் ஐஇ (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) மோட் இருக்கிறது, குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது.

தளத்துக்குத் தளம் விதிவிலக்கு தருவது இன்னொரு வழி. ஃபயர்ஃபாக்ஸில் ‘அபவுட்:காம்பேட்’ பக்கத்தைத் திறந்தால் அந்தப் பட்டியலே இருக்கும். யாரும் புகார் சொல்லாத சின்னத் தளத்துக்கு இதனால் பயனில்லை.

எனக்குச் சரியென்று படுவது, புதியது பழையதற்கு வழிவிடுவது. உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் அணிகளுக்கு (அர்ரே) ‘ஃப்ளாட்டன்’ என்று ஒரு மெத்தட் வரவிருந்தது. பல தளங்கள் பயன்படுத்திய பழைய மூடூல்ஸ் நிரல் நூலகம் அதே பெயரில் சொந்த மெத்தடைச் சேர்த்து வைத்திருந்ததால், சோதனைப் பதிப்பிலேயே தளம் உடைந்தது. 2018-இல் பெயரை ‘ஃப்ளாட்’ என்று மாற்றினார்கள். பெயர் கொஞ்சம் மாறியது, அவ்வளவுதான். கைவிடப்பட்ட தளங்களும் பிழைத்தன. அவற்றைத் திருத்த ஆளே இல்லை என்பதால்தான் நான் இந்தப் பக்கம் நிற்கிறேன்.

சரி, தளம் கட்டுகிறவர்கள்? பதிப்பு எண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல், தேவையான வசதி இருக்கிறதா என்று சோதியுங்கள். ‘ஆர்வி:11’ என்று கண்டதும் ஐஇ 11 என்று முடிவுகட்டிய தளங்களுக்காக, ஃபயர்ஃபாக்ஸ் 110 முதல் 119 வரை, தளங்களுக்குத் தன்னை அறிவிக்கும் அடையாள வரியில் ‘ஆர்வி’ எண்ணை 109-இலேயே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது; 110 என்பதும் ‘11’ என்றுதானே தொடங்குகிறது.